ஒரு பழைய வண்டி கற்பித்த பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எங்கள் மூவரையும் அழைத்து, “சங்கத்து வண்டியைச் சரி செய்த கதையைச் சொல்லுங்கள்” என்று பணித்தபோது சிறிது தயங்கினோம். எங்களுள் ஒருவர் ரயில்வே பணிமனையில் பிட்டர். மற்ற இருவர் அலுவலகத்தில் பேனா பிடிப்பவர்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத எழுத்தர் ஒருவர் எழுதிக் கொண்டுவந்த உரை இது. சொற்சுவை இல்லாவிடினும் பொருட்சுவை சிறிதேனும் இருக்கும் என்ற துணிவில் தொடங்குகிறோம்.

நம் சங்க வாசலில் நிற்கும் வெள்ளை அம்பாசடர் வண்டியை அறியாத குடும்பம் இக்காலனியில் இல்லை. காரக்பூரிலிருந்து ஹௌராவுக்குச் சென்று, அங்கிருந்து பர்த்வான் செல்லும் வண்டியில் ஏறினால், உத்தர்பாராவை அடுத்து ‘ஹிந்த் மோட்டார்’ என்று ஒரு நிலையம் வரும். மோட்டார் தொழிற்சாலையின் பெயரே ரயில் நிலையத்தின் பெயராக அமைந்த இடம் அது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கில வண்டியின் மூன்றாம் வரிசையை முன்மாதிரியாகக் கொண்டு 1957-இல் அம்பாசடர் வண்டிகள் அங்கே உருவாகத் தொடங்கின. 2014 மே மாதத்தில் அவ்வேலை நின்றது. நம் வண்டி 1977-ஆம் ஆண்டினது, 1489 சி.சி. கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின் கொண்டது. இங்கே கார்டாகப் பணியாற்றிய பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றுப் போத்தனூருக்குத் திரும்பியபோது, “காலனியில் அவசரத்துக்கு ஒரு வண்டி இருக்கட்டும்” என்று அதைச் சங்கத்துக்கே விட்டுச் சென்றார். அன்று முதல் நோயாளிகளும் மணமக்களும் தேர்வெழுதும் பிள்ளைகளும் அதில் ஏறாத மாதம் இல்லை. பெரியவரும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, எங்கள் நலத்தை விசாரிக்கும் முன்பே, “வண்டி ஓடுகிறதா?” என்று கேட்பார்.

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு மழை இரவு. பிள்ளைப்பேற்றுக்கு நேரம் நெருங்கிவிட்ட ஒரு சகோதரியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். வழியில் லெவல் கிராசிங் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. நின்ற வண்டி நடுங்கியது, இருமியது, அணைந்தது. மீண்டும் முடுக்கினோம், மீண்டும் அணைந்தது. கதவு திறந்த பிறகும் எஞ்சின் உயிர் பெறவில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் அச்சகோதரியைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு விரைந்தார். இறைவன் அருளால் தாயும் சேயும் நலம். ஆயினும், அந்த மழையில் வண்டியின் பக்கத்தில் நாங்கள் நின்ற நிலையை இன்றும் மறக்க இயலவில்லை.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இரு குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஒன்று, வண்டி நின்றால் நடுங்குகிறது. மற்றொன்று, பெட்ரோலைக் குடிக்கிறது. ஒரு பட்டறையில் காட்டியபோது, “பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, எஞ்சினை இறக்க வேண்டும், 60,000 ரூபாய் ஆகும்” என்றனர். அத்தொகைக்குச் சங்கத்தில் வழியில்லை. பொங்கலுக்குள் சரியாகாவிடில் வண்டியைப் பழைய இரும்புக்கு விற்றுவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. அந்த மாதம் பெரியவரின் தொலைபேசி வந்தபோது, “ஓடுகிறது, ஐயா” என்று பொய் சொன்னோம். அப்பொய்யை மெய்யாக்கவேண்டிய கடனும் எங்கள் தலையில் ஏறியது.

நாங்கள் செய்த முதல் வேலை ஸ்பானரை எடுத்தது அன்று. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியது. அதன் முதற்பக்கத்தில் ஒரு விதியை எழுதிக்கொண்டோம்: ‘ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதை எழுதுக.’ ஐந்து பொருள்களை ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகலாம். ஆனால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாது. குறை திரும்பி வந்தால் ஐந்தையும் மறுபடி வாங்க நேரும்.

முதலில், பெட்ரோல் மிகுதியாகச் செலவாவது உண்மையா என்று பார்த்தோம். தொட்டியை வாய்வரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி வாய்வரை நிரப்பினால் செலவு துல்லியமாகத் தெரிந்துவிடும். தூரம் காட்டும் மீட்டரே பொய் சொல்லக்கூடும் என்பதால், நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களோடு அதை ஒப்பிட்டோம். மீட்டர் மெய்யே சொன்னது. லிட்டருக்கு 6.2 கிலோமீட்டர்! பெரியவர் விட்டுச்சென்ற பழைய நோட்டில் 10.5-க்குக் குறைவாக ஒரு பதிவும் இல்லை.

அடுத்து, எஞ்சினுக்கு வெளியே உள்ள காரணங்களைத் தேடினோம். பெட்ரோல் குழாய்களை முனை முதல் முனை வரை பார்த்தோம், கசிவு இல்லை. கசிவு இருந்தால் வேறெதையும் பாராமல் அதனையே முதலில் நிறுத்த வேண்டும். அஃது உயிருக்கே ஆபத்து. டயர்களில் காற்று குறைந்திருந்தது, நிரப்பினோம். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுசென்று பார்த்தோம். பின் இடச் சக்கரம் மட்டும் அனலாய்க் கொதித்தது. கைப்பிரேக்கின் கம்பி துருப்பிடித்து, பிரேக்கு முழுவதும் விடுபடாமல் உராய்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதைச் சரி செய்ததும் 6.8 ஆயிற்று. சிறு இலாபம், ஆனால் எஞ்சினின் நடுக்கம் அப்படியே இருந்தது.

மூன்றாவதாக மின்பொறிப் பகுதிக்கு வந்தோம். அனுபவமுள்ள மெக்கானிக்குகள், ‘கார்புரேட்டரில் கை வைக்குமுன் பாயிண்டையும் பிளக்கையும் பார்’ என்று சொல்வதுண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தோம். பாயிண்டுகள் கரிந்து குழி விழுந்திருந்தன. புதியவற்றைப் பூட்டி, இடைவெளியை 0.014 அங்குலத்துக்கும் 0.016 அங்குலத்துக்கும் இடையே வைத்தோம்.

பின்பு பிளக்குகளைக் கழற்றினோம். எழுத்தர்களுள் ஒருவர் வழக்கமான சுறுசுறுப்போடு துணியை எடுத்துத் துடைக்கப் போனார். “துடைக்காதீர்கள்! அவைதாம் சாட்சிகள்!” என்று பிட்டர் கூவினார். நான்கு பிளக்குகளையும் வரிசை மாறாமல் ஒரு செய்தித்தாளில் வைத்துப் பார்த்தோம். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் முதலாவதும் இரண்டாவதும் வெளுத்திருந்தன. மூன்றாவதும் நான்காவதும் அடுப்புக்கரி போல் கறுத்திருந்தன. நல்ல நிலையில் உள்ள பிளக்கின் முனை வெளிர்பழுப்பாக இருக்கும். வெளுப்பு, பெட்ரோல் போதாமையைக் காட்டும். உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியைக் காட்டும். ஒரே எஞ்சினில், ஒரே கார்புரேட்டரில், இரண்டு சிலிண்டர்கள் பட்டினியாலும் இரண்டு சிலிண்டர்கள் அஜீரணத்தாலும் வருந்தின! இதை எழுதிவைத்த பின்பே பிளக்குகளைத் தூய்மை செய்து, இடைவெளியை 0.025 அங்குலமாக்கிப் பூட்டினோம். 7.1 ஆயிற்று. நடுக்கம் மட்டும் போகவில்லை.

நான்காவது சோதனை எளியது. எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி அதன் முனையை எஞ்சின் இரும்போடு பொருத்திவிட்டு, மறுபடி முடுக்கிக் கேட்பது. நன்றாக உழைக்கும் சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் பெரிதும் தளரும். உழைக்காத சிலிண்டரை நிறுத்தினால் வேற்றுமை தெரியாது. மூன்றையும் நான்கையும் நிறுத்தியபோது எஞ்சின் அணையப் பார்த்தது. ஒன்றையும் இரண்டையும் நிறுத்தியபோது ஏறக்குறைய ஒன்றும் நிகழவில்லை. ஓடும் எஞ்சினில் வயரைக் கையால் பிடுங்கலாகாது, மின்சாரம் தாக்கும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவதும் ஆகாது. அப்புகையில் உள்ள நச்சு வாயு மணமின்றிக் கொல்லும். இவ்விரண்டையும் இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து சோர்வதற்குக் காரணங்கள் சிலவே. தலைக் காஸ்கெட் அவ்விரண்டுக்கும் இடையில் கிழிந்திருக்கலாம். ரிங்குகளோ வால்வுகளோ தேய்ந்திருக்கலாம். அன்றேல், அவ்விரண்டுக்கும் பொதுவான வழியில் கோளாறு இருக்கலாம். பணிமனை நண்பர் ஒருவரிடம் கம்ப்ரெஷன் அளவுமானி இரவல் பெற்று, பிளக்குகளை எல்லாம் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி, சிலிண்டர் ஒவ்வொன்றையும் அளந்தோம். நான்குக்கும் இடையே சதுர அங்குலத்துக்கு ஐந்து பவுண்டு வேற்றுமைகூட இல்லை. அவ்விரண்டு சிலிண்டர்களின் ரிங்குகள் மட்டும் தேய்ந்திருந்தால் இப்படி இராது. 60,000 ரூபாய்ச் செலவு அந்த நொடியில் தேவையற்றதாயிற்று. பட்டறையாரைக் குறை கூற மாட்டோம். நடுங்கும் பழைய எஞ்சினைக் கண்டு அவர்கள் ஊகித்தனர்; நாங்களும் அளக்காமல் நம்பினோம்.

எஞ்சிய காரணம் பொதுவழி. இந்த எஞ்சினின் அமைப்பில், கலவை உள்ளே புகும் வாயில்கள் நான்கல்ல, இரண்டே. முன்வாயில் 1, 2 சிலிண்டர்களுக்கும், பின்வாயில் 3, 4 சிலிண்டர்களுக்கும் பொது. முன்வாயிலின் இணைப்பில் எங்கேனும் வெளிக்காற்று புகுந்தால், அவ்விரண்டு சிலிண்டர்களுமே முதலில் பட்டினி கிடக்கும். அது நிற்கும்போது நடுங்கி, ஓடும்போது அடங்குவது ஏன் என்பதற்கும் இதுவே விடை. ஒரு கைப்பிடி உப்பைப் பந்திக்குச் சமைக்கும் அண்டாவில் போட்டால் தெரியாது. ஒரு கிண்ணத்தில் போட்டால் வாயில் வைக்க முடியாது. வேகமாக ஓடும் எஞ்சின் காற்றை அண்டா அண்டாவாக இழுக்கிறது. நின்றபடி ஓடும் எஞ்சினோ கிண்ண அளவே இழுக்கிறது. திருட்டுக் காற்றின் அளவு ஏறக்குறைய ஒன்றே; கெடுதல் மட்டும் வேறு.

மறுநாள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருந்தபோது முடுக்கி, சோப்பு நீரை ஓர் எண்ணெய்க் குப்பியில் எடுத்து, இணைப்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டோம். பக்கத்திலேயே புகைவாய் சூடேறுவதால் பெட்ரோலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பின்வாயிலில் ஒன்றும் இல்லை. முன்வாயிலின் அடிப்புறத்தில் நீர் பட்டதும் அதை உறிஞ்சும் ஓசை கேட்டது. நடுக்கம் ஒரு கணம் அடங்கி, எஞ்சினின் குரலே மாறியது. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கழற்றிப் பார்த்தபோது முழுக் கதையும் விளங்கியது. அதற்கு முந்திய பங்குனியில் புகைக்குழாயை ஒட்டவைப்பதற்காக இந்தப் பகுதியை ஒருமுறை கழற்றியிருந்தனர். மறுபடி பூட்டியபோது பழைய காஸ்கெட்டையே வைத்துவிட்டனர். புகுவாயையும் புகைவாயையும் ஒருசேர அழுத்திப் பிடிப்பது ஓர் அகலமான தடித்த வாஷர். முன்பக்க நட்டில் அதற்குப் பதிலாகச் சிறிய வாஷர் ஒன்று இருந்தது. ஆகவே நட்டு புகைவாயை மட்டும் அழுத்தியது. புகுவாய் தளர்ந்தே நின்றது. காஸ்கெட்டும் வாஷர்களும் சேர்ந்து 380 ரூபாய்.

அன்பர்களே, கதை இங்கே முடிந்திருந்தால் நாங்கள் தலைநிமிர்ந்து அமர்ந்திருப்போம். ஆனால் அடுத்த பகுதியையும் சொல்வதே நேர்மை.

காற்றுக் கசிவு நடுக்கத்துக்குக் காரணம். பெட்ரோல் செலவுக்கு அது மட்டும் காரணம் ஆகாது. அப்படியானால் பெட்ரோலைக் குடித்தது எது? எங்கள் வண்டியின் எஸ்.யு. கார்புரேட்டரின் அடியில் ஆறு பட்டைகள் கொண்ட ஒரு நட்டு உண்டு. அதை மேலே ஏற்றினால் கலவையில் பெட்ரோல் குறையும். கீழே இறக்கினால் கூடும். பங்குனியில் நடுக்கம் முதன்முதல் தோன்றியபோது, அந்த நட்டை இறக்கியவர்கள் நாங்களே! இறக்கியதும் நடுக்கம் பாதி அடங்கியது. ‘சரி செய்துவிட்டோம்’ என்று மகிழ்ந்தோம். சில நாள் கழித்து மேலும் இறக்கினோம். பட்டினி கிடந்த இரு சிலிண்டர்களுக்கு உணவு சேர்ப்பதாக எண்ணி, வயிறு நிறைந்த மற்ற இரண்டையும் திணறடித்திருக்கிறோம். 3, 4 பிளக்குகளின் கரிக்கு நாங்களே பொறுப்பு. அந்த மழை இரவுக்கும் ஓரளவு நாங்களே பொறுப்பு. குறையைப் போக்குவதாக எண்ணிக் குறையை மறைத்தோம். மறைப்பதற்கு ஆன செலவைச் சங்கம் பெட்ரோல் பங்கில் செலுத்தியது.

கசிவை அடைத்த பிறகு, எஞ்சினை நன்கு சூடேற்றி, நட்டைப் பட்டை பட்டையாக மேலே ஏற்றினோம். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை மிகச் சிறிதளவு உயர்த்திப் பார்ப்பது இதற்குரிய சோதனை. உயர்த்தியதும் எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. இலேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறக்குறைய இரண்டு முழுச்சுற்று ஏற்றிய பின்பே சரியான இடம் கிடைத்தது. சோக்கைத் தள்ளிவிட்ட பிறகு அதன் நெம்பும் முழுதும் திரும்புகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தோம். அது திரும்பாமல் நின்றாலும் பெட்ரோல் வீணாகும்.

மார்கழிக் கடைசியில் மறுபடி தொட்டியை நிரப்பி அளந்தோம்: லிட்டருக்கு 10.1 கிலோமீட்டர். பெரியவரின் பழைய கணக்கை எட்டவில்லையே என்று ஒருவர் வருந்தினார். அதற்கும் தக்க காரணம் உண்டு. 2025-க்குள் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே கலவையில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு வலிமை குறைகிறது. அதைக் கழித்துப் பார்த்தால் வண்டி தன் கடமையை முழுதும் செய்கிறது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்க வல்லது என்பதால், அவற்றையும் இக்காலத்துக்கேற்றவையாக மாற்றிவிட்டோம். பழைய வண்டி வைத்திருப்போர் அனைவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

பொங்கலன்று பெரியவரை நாங்களே தொலைபேசியில் அழைத்தோம். பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டு, நடந்ததை எல்லாம் கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “என் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லையா, தம்பி?” என்று கேட்டார். ஓடிச்சென்று எடுத்தோம். அட்டையை ஒட்டிய பக்கத்தில், பென்சிலால், மங்கிய எழுத்தில் அவர் எழுதியிருந்தார்: ‘மானிபோல்டு நட்டு. அகல வாஷரே போடவும். சிறியது போட்டால் காற்று இழுக்கும்.’ நாள்தோறும் கோப்புகளைப் புரட்டிப் பிழைக்கும் நாங்கள், எங்கள் கையில் இருந்த கோப்பைக் கடைசிவரை படிக்கவில்லை!

இந்தப் பாடம் வண்டிக்கு மட்டும் உரியதன்று. சென்ற ஆண்டு நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தபோது என்ன செய்தோம்? இனிப்பு வழங்கினோம், இரு வாரம் கூட்டம் சேர்ந்தது, மறுபடி குறைந்தது. மேலும் இனிப்பு வழங்கினோம். ஒரு தாய் எழுந்து, “வகுப்பு நேரமும் கணக்கு டியூஷன் நேரமும் ஒன்றாக இருக்கின்றனவே!” என்று சொன்ன பிறகே நமக்குக் காரணம் விளங்கிற்று. நேரத்தை மாற்றினோம், பிள்ளைகள் வந்தனர். எங்கள் நட்டும் அந்த இனிப்பும் ஒன்றே. ஒன்று நடுங்கும்போது, நடுக்கத்தை அடக்குவதற்கு முன் காரணத்தைக் கேட்க வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வண்டியை எடுக்கும் ஒவ்வொருவரும் ஓடிய தூரத்தையும் ஊற்றிய பெட்ரோலையும் நோட்டில் எழுதுங்கள். இளைஞர்கள் ஞாயிறு காலையில் எங்களோடு வாருங்கள். கை கறுப்பாகும், காது கூர்மையாகும். இன்று மாலை இவ்விழாவுக்கு முதியோர் பலரை அந்த வண்டியே அழைத்து வந்தது. அந்த லெவல் கிராசிங்கில் இன்றும் கதவு மூடியிருந்தது, வண்டி நின்றது, எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஆட்டோவில் ஏறிச்சென்ற சகோதரியும் அதில் வந்தார். அவர் மடியில் இருந்த குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது, விழிக்கவில்லை.